ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு?

1

இது ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. பத்திரிகைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு வட்டாரம் எவ்வளவு மின்சாரம் செலவழிக்குது, எவ்வளவு உற்பத்தி பண்ணுது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. எல்லாருக்கும் புரியணும்" என்றார். ஒப்புக்கொண்டேன். எனக்கு அந்த விஷயம் பாதிதான் தெரியும். ஆனால் நாலு பக்கத்தில் நிறுத்துவது பாதி தெரிந்தவர்களால்தான் முடியும். முழுக்கத் தெரிந்தவர்கள் நாற்பது பக்கத்துக்கு முன்னால் மூச்சு விட மாட்டார்கள்.

படிக்க எடுத்த அறிக்கை ஒன்றில் ஒரு வரைபடம் இருந்தது. சிவப்புக் கோடு மின்சாரம், நீலக் கோடு உற்பத்தி. கல்யாணமாகி வெகுநாளான ஜோடி நடக்கப் போவது மாதிரி, பேசிக்கொள்ளாமல், ஆனால் விட்டுப் பிரியாமல் இரண்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று பார்த்தால் தெரியாது. மின்சாரம் கூடுவதால் தொழில் பெருகுகிறதா, தொழில் பெருகுவதால் மின்சாரம் கூடுகிறதா, இல்லை இரண்டின் கையையும் பிடித்து மூன்றாவது ஆள் யாராவது இழுத்துப் போகிறாரா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. என் கண் வேறோர் இடத்தில் நின்றுவிட்டது.

சிவப்புக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். கொஞ்சம் தள்ளி, நீலக் கோட்டில் அதைவிடப் பெரிய பள்ளம். கீழே பொடி எழுத்தில் 'விநியோகத் தடங்கல்' என்று ஒரே ஒரு குறிப்பு.

இவ்வளவு பெரிய பள்ளத்தில் யாராவது விழுந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. அதோடு கட்டுரை நின்றுபோனது. பத்திரிகைக்காரர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் எடுப்பதில்லை.

யார் விழுந்தார்கள் என்று விசாரிக்க நான் போகவில்லை. இனி வருகிறவர்கள் எல்லாரும் என் கற்பனை. ஆனால் பள்ளத்தின் ஆழத்தில் நான் கை வைக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் குடையை மடக்கி—" [வேண்டாம். மழை வந்தால் மின்சாரம் போனதற்கு அதுவே காரணமாகி, பழி மேகத்தின் மேல் போய்விடும்.]

இரண்டாவது: "வட்டார வளர்ச்சியில் ஆற்றலின் பங்கைப் பற்றிப் பேசுகையில் நாம் முதலில்—" [கட்டுரை எட்டிப் பார்க்கிறது. போ.]

மூன்றாவது: "துணை மின்நிலையத்தின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒரு முற்பகலில் எரிந்துபோனது."

இது இருக்கட்டும். எரிந்தது. அந்த வட்டாரத்துக்கே மின்சாரம் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். புதிது செய்து, கப்பலில் ஏற்றி, இறக்கி, பொருத்த மாதக்கணக்காகும் என்றார்கள். அதுவரை பக்கத்து வட்டாரத்திலிருந்து இழுத்து வருகிற மின்சாரம் முக்கால்வாசித் தேவைக்குத்தான் காணும். மீதிக்கு ஏதாவது ஒரு பகுதியை அணைத்தே ஆக வேண்டும். தினமும். எதை அணைப்பது என்பதுதான் கேள்வி.

மின்வாரிய அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் திட்டப் பிரிவு என்று ஓர் அறை. அங்கே பொருளாதாரம் படித்த ஒரு பெண்மணி வேலை பார்த்தாள். எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் ஒரு காகிதத்தை எடுத்து, நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் "ம், சொல்லுங்க" என்பாள். அதனால் அவளுக்கு 'கோடு மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் ஒருநாள் அவளே தொலைபேசியை எடுத்து "கோடு பேசறேன்" என்று சொல்லிவிட்டதால், அப்புறம் எல்லோரும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"மேடம், தெருத்தெருவா மாத்தி மாத்தி அணைச்சுப் பாத்துட்டேன். ஒரு தெரு விடாம திட்டுது. கண்ணை மூடிக்கிட்டு அணைக்கறதுக்கு, கணக்குப் போட்டு அணைக்கலாம்ல? எங்க அணைச்சா வட்டாரத்துக்கு நஷ்டம் கம்மின்னு சொல்லுங்க. அங்க அணைச்சுடறேன்."

"வீடுகளையும் சேத்தா?"

"ஐயோ, வீட்டை விடுங்க. வீட்டுல கையை வெச்சா ஜனங்க ரோட்டுக்கு வந்துடுவாங்க. தொழில் லைனை மட்டும் பாருங்க."

3

கணக்கு எளிமையானது. அதுதான் அதன் அழகு. ஒவ்வொரு பகுதிக்கும் போகிற மின் லைனில் எவ்வளவு யூனிட் செலவாகிறது, அந்தப் பகுதியில் எவ்வளவு மதிப்புக்குப் பொருள் உற்பத்தியாகிறது, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். அதிகம் தருகிறவர் மேலே, குறைவாகத் தருகிறவர் கீழே. கீழிருந்து அணைத்துக்கொண்டே வந்தால், அணைக்கிற யூனிட்டுக்கு ஆகிற நஷ்டம் குறைவு.

[வாசகரே, இதில் தப்பு எங்கே என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். எனக்கு ஆறாவது பகுதி எழுதும்போதுதான் தெரிந்தது.]

உச்சியில் மாத்திரைத் தொழிற்சாலை வந்தது. அதற்கடுத்து கம்ப்யூட்டர் கம்பெனிகள், அச்சகம். நடுவில் பிளாஸ்டிக், தையல், பேருந்துப் பட்டறை. அடியில், மற்ற எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, தனியாக உலைத் தெரு.

உலைத் தெருவில் எதையும் புதிதாகச் செய்வதில்லை. லேத் பட்டறைகளில் கடைந்த இரும்புச் சாமான்கள் அங்கே வரும். மின் உலையில் வைத்துச் செக்கச்செவேல் என்று காய்ச்சுவார்கள். எண்ணெயில் முக்குவார்கள். மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் ஏற்றுவார்கள். போகும்போதும் அதே சாமான், அதே வடிவம், அதே எடை. கெட்டியாகியிருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கூலி சொற்பம். குடிக்கிற மின்சாரமோ கொள்ளை.

அந்தத் தெருவின் மூன்றாவது ஷெட்டை நடத்துவது கோடு மேடத்தின் நாத்தனார்.

கை ஒரு நிமிஷம் நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதேதான் வந்தது. உலைத் தெருவைப் பக்கத்துக் கடைசல் பட்டறைகளோடு சேர்த்து ஒரே பகுதியாகக் காட்டியிருந்தால் அது நடுவில் போய் ஒளிந்துகொண்டிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் சேர்க்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மாடியிறங்கினாள்.

"சார், கடைசியில இருக்கற தெருவுல என் நாத்தனாரோட உலை இருக்கு. முன்னாடியே சொல்லிடறேன்."

தலைமைப் பொறியாளர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியிருந்துமா கடைசியில போட்டீங்க?"

"அது அங்கதான் இருக்கு சார்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

4

காகிதம் பார்த்து நாத்தனார் தெரிந்துகொள்ளக் கூடாது, நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அவளை வீட்டுக்கு வரச் சொன்னாள். உலைக்காரி (நாத்தனாரை இனி இப்படியே சொல்கிறேன், தெருவில் அவளுக்கு அதுதான் பெயர்) கையில் கரி போகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா விட்டுப்போன உலை அது. அண்ணன், அதாவது கோடு மேடத்தின் கணவர், அந்தச் சூட்டுக்குப் பயந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டார். தங்கை பயப்படவில்லை.

"அண்ணி, நீங்க சொல்றது புரியல. கரண்ட் இல்லாம உலையா?"

"புது டிரான்ஸ்ஃபார்மர் வர்ற வரைக்கும்தான். பகல்ல இருக்காது. ராத்திரி கொஞ்ச நேரம் வரும்."

"கொஞ்ச நேரம் வந்து? உலை சூடேறவே அரை நாள் ஆகும். ஏறி முடிக்கறப்போ புடுங்கிடுவீங்க. உள்ள இருக்கற சரக்கு மொத்தமும் வீண். அதுக்குக் குடுக்காமலே இருக்கலாம்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"கணக்கு அப்படி வந்துச்சு."

"கணக்கு வந்துச்சாம்! அதுவா நடந்து வந்துச்சு? நீங்கதானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "டீ ஆறுது" என்றார்.

"நீ சும்மா இரு அண்ணா. ஏன் அண்ணி, எங்க தெருவுக்கு உங்க காகிதத்துல என்ன பேரு போட்டிருக்கீங்க?"

கோடு மேடம் மென்று விழுங்காமல் சொன்னாள். "யூனிட்டுக்குக் குறைஞ்ச உற்பத்தி."

"தண்டம்னு சொல்லுங்க. தமிழ்ல நல்லா புரியும்."

டீயைத் தொடாமல் எழுந்து போனாள். ஏழெட்டுக் குடும்பம் அந்த உலையை நம்பி இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் உறைத்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, சட்டையில் எண்ணெய் வாசனையோடு திரும்புவார். மனைவி அந்தச் சட்டையைத் தனியாக ஊறப்போடுவாள்.

5

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இரண்டு பேர் மேல் எனக்குச் சந்தேகம்.

ஒன்று, தலைமைப் பொறியாளர். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். மாத்திரைத் தொழிற்சாலைக்காரர்கள் அவருக்கு ஒரு— [அடித்துவிட்டேன்.] அவர் கெட்டவராக இருந்தால் கதை சுலபமாகிவிடும், கோடு மேடமும் தப்பித்துவிடுவாள். ஆனால் எழுத எழுத, நாலு தெருக்காரர்களிடம் திட்டு வாங்கி, தன் ரத்த அழுத்த மருந்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று மறந்துபோகிற ஒரு மனிதராகத்தான் அவர் வந்து நின்றார். நியாயமான வழி ஒன்று கிடைத்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினார். விட்டுவிட்டேன்.

இன்னொன்று, உலைக்காரி. அவளை நாலு வரி பேசவிட்டால் போதும், பொருளாதாரம் படித்த அண்ணிக்கு அவள் பாடம் நடத்தி, அண்ணி தலைகுனிந்து, வாசகர் கைதட்டி... அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். நன்றாகக்கூட இருந்தது. ஆனால் பொய். எங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. அவள் கோபம் சரி. காரணம் அவள் கையில் இல்லை. யார் கையிலும் இல்லை. அதனால்தான் இது கதை.

6

முதல் சில வாரங்கள் எல்லாம் திட்டப்படி நடந்தது. மின்சாரம் மிச்சமானது, உற்பத்தி அவள் சொன்ன அளவுக்குத்தான் குறைந்தது. தலைமைப் பொறியாளர் மருந்தைச் சரியாகப் போட ஆரம்பித்தார்.

அப்புறம் நீலக் கோடு சரியத் தொடங்கியது.

"லீவு சீசன்" என்றார் அவர். அடுத்த முறை, "ஜனங்களுக்கு வேலையில மனசு போகல." அதற்கடுத்த முறை மருந்து போட மறுபடி மறந்தார்.

உலைத் தெரு சரிந்தால் அவளுக்கு ஆச்சரியமில்லை. சரிந்தது மேலே இருந்தவர்கள். ஒரு நொடிகூட மின்சாரம் தடைபடாத மாத்திரைத் தொழிற்சாலை சரிந்துகொண்டிருந்தது. ஏன் என்று கோட்டைக் கேட்டால் கோடு சொல்லாது. காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். உள்ளே விளக்குகள் பளீரென்று எரிந்தன, குளிர்சாதனம் உறுமியது, மாத்திரை அழுத்துகிற இயந்திரங்களில் பாதி சும்மா நின்றன.

"கரண்ட் இருக்கே?" என்றாள்.

"கரண்ட் இருக்கு மேடம். அச்சு இல்ல" என்றாள் ஷிப்ட் சூப்பர்வைசர். மேஜை இழுப்பறையிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்தாள். பொடியை அழுத்தி மாத்திரையாக்குகிற அச்சுகள். "இது பழசு, தேஞ்சு போச்சு. இது புதுசு. வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள பாருங்க, உதடு பிதுங்கிடுச்சு. இரும்பா இது? வெண்ணெய்."

"யார் செஞ்சது?"

"கடைசல் பட்டறைக்காரர். அவரைத்தான் கேக்கணும்."

கோடு மேடம் பிதுங்கிய அச்சைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவரைக் கேட்கப் போனாள். கடைசல்காரர் அதைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "பச்சையா குடுத்தா தாங்காதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன் மேடம். அவங்கதான் அவசரம், குடு குடுன்னாங்க. பதம் ஏத்தாம நான் என்ன பண்றது?"

"பதம் யார் ஏத்துவாங்க?"

"உலைத் தெருவுல மூணாவது ஷெட். ஒரு லேடீஸ் நடத்துறாங்க, ரொம்பக் கறார். அச்சுக்குப் பதம் ஏத்தற கை இந்தப் பக்கத்துல அங்க மட்டும்தான். இப்ப மூடிக் கெடக்கு. கரண்ட் ஆபீஸ்ல எவளோ ஒருத்தி கணக்குப் போட்டு நிறுத்திட்டாளாம்."

கோடு மேடம் அச்சை மறுபடி கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு சொன்னாள்.

"அந்த ஒருத்தி நான்தான்."

கடைசல்காரர் கையைத் துணியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். பாத்து, அதுல எண்ணெய் இருக்கு."

எண்ணெயைப் பார்க்காமலே உட்கார்ந்தாள். இப்போது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குக் கதவு கிடையாது. மாத்திரைத் தொழிற்சாலை தனக்கு வருகிற மின்சாரத்தை மட்டுமா செலவழித்தது? உலைத் தெருவில் எரிந்த மின்சாரமும் அந்த அச்சுக்குள் கெட்டியாக உட்கார்ந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. செலவை உலைத் தெருவின் பேரில் எழுதி, பலனைத் தொழிற்சாலையின் பேரில் எழுதி, ஒருவரைத் தண்டம் என்றும் இன்னொருவரைச் சூரர் என்றும் அவள் சொல்லிவிட்டாள்.

[கட்டுரையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். ஓர் அழகான கடைசி வாக்கியமும் கைவசம் இருக்கிறது. ஆனால் கோடு மேடம் இன்னும் அந்த ஸ்டூலில்தான் இருக்கிறாள். அவளுக்கு இது இன்னும் முடியவில்லை.]

7

மூன்றாவது ஷெட்டின் கதவு பாதி திறந்திருந்தது. உலை சில்லிட்டுக் கிடந்தது. ராத்திரி மின்சாரத்தில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தபோது அடிக்கடி சூடேறி ஆறியதில் உள்சுவரின் செங்கல்கள் வெடித்திருந்தன. உலைக்காரி அதன் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து, வெடிப்புகளில் களிமண் வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"நான்தான்."

வெளியே வரவில்லை. "அண்ணா இங்க இல்ல."

"உன்னைத்தான் பாக்க வந்தேன். இது என்னன்னு சொல்லு."

கை மட்டும் வெளியே நீண்டது. அச்சை வாங்கிய கை, உலை வாய்க்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து உலைக்காரியின் முகம் வந்தது, புகைக்கரி அப்பி.

"இது பதம் ஏத்தாதது. யாரு இதைப் பச்சையா ஓட்டினது?"

"மாத்திரைக் கம்பெனி."

"மாத்திரையா? இது மாத்திரை செய்யறதுக்கா?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ட்ரேயில கொண்டுவந்து கொட்டுவாங்க. பதமா எடுத்துட்டுப் போவாங்க. ஊசியோ ஆணியோ, எனக்கு எல்லாம் இரும்புதான்." அச்சை மறுபடி திருப்பிப் பார்த்தாள். "மாத்திரையா..."

கோடு மேடம் தான் கண்டதையெல்லாம் சொன்னாள். உலைத் தெருவை மேலே ஏற்றப் போகிறேன் என்றும் சொன்னாள். உலைக்காரியின் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள்.

"வேணாம் அண்ணி."

"என்ன வேணாம்?"

"அன்னிக்கு நாத்தனார்னும் பாக்காம அணைச்சாங்கன்னு ஆபீஸே உங்களைக் கொண்டாடுச்சு. அண்ணா சொன்னான். இன்னிக்கு நீங்களே போயி திருப்பிக் குடுங்கன்னா என்ன பேசுவாங்க? வீட்டுல சண்டை, பொம்பளை இறங்கி வந்துட்டான்னு பேசுவாங்க. அந்த நல்ல பேரும் போயிடும்."

"பேசட்டும்."

"அப்ப என் ஷெட்டை மட்டும் விட்டுட்டு மத்தவங்களுக்குக் குடுங்க. யாரும் வாயைத் திறக்க முடியாது."

"அச்சுக்குப் பதம் ஏத்தறது நீ மட்டும்தானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு மத்தவங்களுக்குக் குடுக்கணும்? என் பேரைக் காப்பாத்தவா?"

உலைக்காரி களிமண் கையைத் துடைத்துக்கொண்டாள். அண்ணியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பின்பக்கம் புடவையில் எண்ணெய்க் கறை, தலையில் கழற்ற மறந்த தொழிற்சாலைத் தொப்பி.

"அப்ப சும்மா நிக்காதீங்க" என்றாள். "அந்தச் செங்கல்லைக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க. காயற வரைக்கும் விடக் கூடாது."

கோடு மேடம் முந்தானையைச் செருகிக்கொண்டு உலையின் வாய்க்குள் கையை விட்டாள்.

8

முடிவுகள் சில.

(அ) அவள் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். உலை மறுபடி சிவக்கிறது. இரண்டு பெண்களும் அந்த வெளிச்சத்தில் ஒருவரையொருவர்— [போதும். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வட்டாரத்தில் இன்னும் கால்வாசி மின்சாரம் குறைகிறது. ஓர் இடத்தில் கொடுத்தால் இன்னோர் இடத்தில் பிடுங்க வேண்டும்.]

(ஆ) அவள் வாயைத் திறக்கவில்லை. புது டிரான்ஸ்ஃபார்மர் கப்பலில் ஏறிவிட்டதாகத் தகவல் வருகிறது. இன்னும் கொஞ்ச காலம்தானே, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். நல்ல பெயரும் மிஞ்சுகிறது. [நடக்கக்கூடியதுதான். நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.]

(இ) அவள் வேலையை உதறிவிட்டு— [இல்லை. அவள் வேலையை விடுகிற ஆளில்லை.]

அவள் செய்தது இது. வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு திட்டம் எழுதினாள். உலைத் தெருவுக்கு வாரத்தில் பாதி நாள், ஆனால் இடையில் ஒரு நொடிகூடத் தடையில்லாமல். உலை ஆறி ஆறிச் சூடேறுகிற வீண் செலவு இதில் இல்லை. அதற்கான மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று தொழில் லைன்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நின்றது. எல்லோரும் எல்லோருடைய கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரே ஓர் இடம்தான் மீதி இருந்தது. அந்த இடத்துக்கு முதல் கணக்கில் வரிசையே இல்லை.

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வீடுகளுக்கு... நம்ம வீட்டுக்கும் சேத்தா?"

"நம்ம தெருவுல இருந்துதான் ஆரம்பிக்குது."

"திட்டுவாங்க."

"ம்."

"நல்லா திட்டுவாங்க."

"தெரியும். மெழுகுவத்தி வாங்கி வையுங்க."

9

கூட்டம் முற்பகலில் நடந்தது. நீள மேஜை. தலைமைப் பொறியாளர் நடுவில். ஒரு பக்கம் தொழிலதிபர்கள் சங்கத் தலைவர், இன்னொரு பக்கம் கடைக்காரர்கள் சங்கத் தலைவர். வீடுகளையும் பட்டியலில் சேர்க்கிற முடிவை அலுவலகம் தானாக எடுக்கக் கூடாது, பாதிக்கப்படுகிறவர்களின் பிரதிநிதிகள் வாக்களிக்க வேண்டும் என்று விதி.

கோடு மேடம் எழுந்து நின்றாள். யாரும் கேட்பதற்கு முன்னால், "நான் போட்ட கணக்கு தப்பு" என்று தொடங்கினாள். "இப்ப நான் சொல்லப்போறதால லாபம் அடையறவங்கள்ல என் நாத்தனாரும் ஒருத்தி. அதையும் மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க." பிதுங்கிய அச்சை மேஜையில் வைத்தாள். அது வந்த வழியை ஒவ்வொரு படியாகச் சொன்னாள். குரல் ஓரிடத்திலும் கெஞ்சவில்லை.

தலைமைப் பொறியாளர் அச்சை உருட்டிக்கொண்டிருந்தார். "நாத்தனார் உலையை அணைச்சப்போ எழுந்து நின்னு கை குடுத்தேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல மேடம். வெளியில என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். பேசறது நிக்கற வரைக்கும் காத்திருந்தா மாத்திரை நின்னுடும்."

தொழிலதிபர்கள் சங்கத் தலைவர் ஆதரவு என்றார். அவருக்கு அச்சு வேண்டும்.

கடைக்காரர்கள் சங்கத் தலைவர் எதிர்ப்பு என்றார். "சாயங்காலம் வீடெல்லாம் இருட்டா இருந்தா யாரு கடைக்கு வருவா? அதுவும் போக, வீட்டுல இருக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க? அவங்களுக்கு உங்க கணக்குல என்ன எண் போட்டிருக்கீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் முழுவதும் அதோடுதான் மல்லுக்கட்டியிருந்தாள்.

"பூஜ்யம்" என்றாள். "வீட்டுல எதுவும் உற்பத்தியாகறதா கணக்குல வராது. அதனால பூஜ்யம். அது தப்புன்னு எனக்குத் தெரியும். உலைத் தெருவுக்குப் போட்ட எண்ணைவிடப் பெரிய தப்பு. அங்க படிக்கறாங்க, சமைக்கறாங்க, மறுநாள் வேலைக்குப் போறவங்களைத் தூங்க வெக்கறாங்க. சரியான எண் என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சு இன்னொரு காகிதம் எழுத மாட்டேன். அங்க இருக்கறவங்களைத்தான் கேக்கணும்."

ஒன்றுக்கு ஒன்று. தலைமைப் பொறியாளருக்கு வாக்கு இல்லை. அவர் மேஜையின் கோடியைப் பார்த்தார். 'வீட்டு நுகர்வோர்' என்று ஒரு சிறிய பலகை, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. காலி.

"வீடுகள் சார்பா யாரும் வரலையா?"

இந்த நாற்காலியில் உட்கார வைக்க மூன்று பேரை எழுதிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஒருவர், கைக்குழந்தையோடு ஓர் அம்மா, பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண். மூன்று பேரும் நான் நினைத்ததையே சொன்னார்கள். மூன்று பேரையும் அனுப்பிவிட்டேன். எனக்கு வேண்டிய பதிலை என் ஆளை வைத்தே வாங்கிக்கொண்டால், கோடு மேடத்தைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே நீங்கள். ஆமாம், உங்களைத்தான். இருட்டில் போகப்போவது உங்கள் சாயங்காலம். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். மறுத்தால் உலை ஆறியே கிடக்கும். சம்மதித்தால் உங்கள் வீட்டில் விளக்கு போகும். மூன்றாவது வழி ஒன்றைத் தேடி நானும் மேஜைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டேன், இல்லை.

கோடு மேடம் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். உங்கள் முன்னால் அந்தக் காகிதத்தை வைக்கிறாள். வீடுகளுக்கு நேரே அவள் போட்டிருந்த பூஜ்யம் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் வெற்றிடம். பேனாவின் மூடியைக் கழற்றி உங்கள் பக்கம் நீட்டுகிறாள்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்கிறாள். "எதைச் சொன்னாலும் நான் எழுதிக்கறேன். சொல்லாம மட்டும் எழுந்து போயிடாதீங்க."